இன்பாக்ஸைக் காலி செய்வது விரலின் வேலையா, ஸ்கிரிப்டின் வேலையா?

6 ஜூலை 2025, காலை (கேள்வி)

மதுரை அண்ணாநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தின் பொது ஜிமெயில் கணக்கில் பல ஆண்டுகளின் கடிதங்கள் இன்பாக்ஸிலேயே குவிந்து கிடக்கின்றன. தொண்ணூறு நாளைத் தாண்டிய எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சிறு நிரல், இரவோடு இரவாகக் காப்பகத்துக்குத் தள்ளிவிட்டால் போதும், ஆள் கை வைக்கவே வேண்டியதில்லை என்பது என் எண்ணம். உடன் வேலை பார்ப்பவர் ஒரே விசையில் தள்ளும் வழி இருக்கும்போது ஸ்கிரிப்ட் எதற்கு என்கிறார். இரண்டில் எது சரி?

6 ஜூலை 2025, இரவு

இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. வயதை வைத்து முடிவெடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வருமான வரி நோட்டீஸ் ஒன்று நான்கு மாதமாக வாடிக்கையாளரின் ஆவணத்துக்காகக் காத்துக் கிடக்கலாம். தொண்ணூறு நாள் கடந்துவிட்டது என்பதற்காக அது கண்ணில் படாத இடத்துக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் அலுவலகம்தான். மறுபுறம், ஜிஎஸ்டி தளத்தில் நுழைவதற்காக வரும் ஓடிபி கடிதம் சில நிமிடங்களிலேயே பயனற்றுப் போகிறது. அதை மூன்று மாதம் இன்பாக்ஸில் வைத்துக் காப்பதில் பொருளில்லை. ஒரு கடிதத்தின் வேலை முடிந்துவிட்டதா என்பது அதைப் படித்து, செய்ய வேண்டியதைச் செய்தவருக்குத்தான் தெரியும்.

நான் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையின் கணினிகளையும் கடிதப் போக்குவரத்தையும் பார்த்துக்கொள்கிறவன். கொள்முதல், லாரி வாடகை, வங்கி, வரி என்று எல்லாக் கடிதமும் ஒரே முகவரிக்குத்தான் வரும். எங்கள் ஏற்பாடு இதுதான்: வேலை முடிந்தது என்று தீர்மானிப்பது விரல், முடிந்ததை எந்த நிதியாண்டின் கீழ் அடுக்குவது என்று தீர்மானிப்பது ஸ்கிரிப்ட். முதல் வேலைக்குப் புத்தி வேண்டும், ஒரு விசை போதும். இரண்டாவதற்குப் புத்தி வேண்டாம், பொறுமை வேண்டும். அது இயந்திரத்திடம் நிறைய இருக்கிறது.

7 ஜூலை 2025

விசையைப் பற்றி. ஜிமெயிலில் ஒற்றை எழுத்துக் குறுக்குவிசைகள் முதலில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் பொதுப் பகுதியில் கீபோர்டு ஷார்ட்கட் என்ற இடத்தில் அதை இயக்கி, பக்கத்தின் அடியில் உள்ள சேமிப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தானை அழுத்தாமல் வெளியேறிவிட்டு, வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். அதன் பிறகு ஆங்கில 'ஈ' விசை காப்பகத்துக்கு அனுப்பும். சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் திறந்திருக்கும் கடிதத்தைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு முந்தைய அல்லது அடுத்த கடிதத்தைத் திறக்கும். வரிசையாகப் படித்துத் தள்ளுகிறவர்களுக்கு அதுவே உகந்தது. தவறி அழுத்திவிட்டால் உடனே 'இசட்' அழுத்தினால் கடிதம் திரும்பிவிடும். கேள்விக்குறியை அழுத்தினால் முழுப் பட்டியலும் திரையில் விரியும்.

ஜிமெயிலைப் பொறுத்தவரை காப்பகம் என்று தனி இடம் எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்பாக்ஸ் என்பதே ஒரு லேபிள்தான். காப்பகப்படுத்தினால் அந்த லேபிள் கழன்றுவிடுகிறது, கடிதம் 'ஆல் மெயில்' பகுதியில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தக் கடிதத்துக்கு யாராவது மறுமொழி அனுப்பினால் அதுவும் மறுமொழிகளும் சேர்ந்த இழை முழுவதும் இன்பாக்ஸுக்குத் திரும்பி வந்துவிடும். அப்படி வருவதால்தான் பயமில்லாமல் அழுத்தலாம் என்கிறேன்.

8 ஜூலை 2025

விசையை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை என்று கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். சேமிப்புப் பொத்தானை அழுத்தியதாகவும் உறுதியாகச் சொல்கிறார். கணினியில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு இயங்கிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். ஆங்கில 'ஈ' இருக்கும் விசையில் தமிழ்99 அமைப்பில் 'ஊ' அமர்ந்திருக்கிறது. ஆங்கில 'ஏ' விசையில் 'அ' இருக்கிறது. வாடிக்கையாளருக்குத் தமிழில் கடிதம் எழுதிவிட்டு மொழியை மாற்றாமல் இன்பாக்ஸுக்குத் திரும்பினால், ஜிமெயில் எதிர்பார்க்கும் எழுத்து அதற்குப் போய்ச் சேராது. தமிழில் தட்டச்சு செய்கிறவர்களின் அலுவலகங்களில் இந்தச் சிக்கல் தினமும் நடக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டி எதிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

விண்டோஸில் விசைப்பலகையின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் ஒவ்வொரு செயலியின் சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு முறையை வைத்துக்கொள்ள ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, ஜிமெயிலைத் தனிச் சாளரத்தில் திறந்து அதை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். தமிழில் எழுதுவதை வேர்டிலோ வேறு சாளரத்திலோ வைத்துக்கொண்டால் இரண்டும் மோதாது.

10 ஜூலை 2025

இனி ஸ்கிரிப்ட். கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்பது கூகுளின் கணினிகளிலேயே ஓடுவது. உங்கள் மேசையில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடலாம். எழுத வேண்டியதன் தருக்கத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இரவு ஒருமுறை ஸ்கிரிப்ட் எழுந்து, இன்பாக்ஸில் இல்லாத, பயனர் இட்ட லேபிள் எதுவும் இல்லாத இழைகளைத் தேட வேண்டும். தேடல் கட்டத்தில் 'மைனஸ் இன்:இன்பாக்ஸ்', 'ஹேஸ்:நோயூசர்லேபிள்ஸ்' ஆகிய இரண்டையும் ஆங்கில எழுத்தில் இட்டால் என்ன கிடைக்கிறதோ அதுதான் அந்தப் பட்டியல். ஸ்கிரிப்ட் எழுதும் முன்பே கையால் இட்டுப் பார்த்துவிடலாம். வரைவுகளை மட்டும் விலக்கிவிடுங்கள். நாம் அனுப்பிய கடிதங்களும் இதில் அகப்படும். அது நல்லதுதான், தணிக்கையின்போது நாம் அனுப்பிய பதிலைத்தான் முதலில் கேட்பார்கள். கிடைத்த ஒவ்வோர் இழையின் கடைசிக் கடிதத்தின் தேதியைப் பார்த்து, 'காப்பகம்/2024-25' என்பது போன்ற லேபிளை ஒட்ட வேண்டும். நடுவில் உள்ள சாய்கோடு லேபிளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் காட்டும். ஸ்கிரிப்டின் வேலை இவ்வளவே. அது எதையும் நகர்த்துவதில்லை, அழிப்பதில்லை. ஆகவே கணக்கு பிசகினாலும் ஒரு லேபிள் தவறாக ஒட்டியிருக்குமே தவிர ஒரு கடிதமும் கண்ணை விட்டு மறைந்திருக்காது.

நிதியாண்டைக் கணிப்பதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் மாதங்கள் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன. ஜனவரி 0, ஏப்ரல் 3. ஆகவே மாதத்தின் எண் மூன்றுக்குக் குறைவாக இருந்தால் முந்தைய ஆண்டில் தொடங்கிய நிதியாண்டு என்று எழுத வேண்டும். நான்கு என்று எழுதினால் ஏப்ரல் மாதம் முழுவதும் பழைய ஆண்டுக்குள் போய் விழும். இரண்டாவது பொறி நேர மண்டலம். ஸ்கிரிப்டின் திட்ட அமைப்புகளில் நேர மண்டலம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க நேரத்தில் இருந்தால் ஏப்ரல் முதல் நாள் காலையில் நமக்கு வந்த கடிதத்தை அது மார்ச் 31 என்றே கருதும். மற்ற நாள்களில் இந்தப் பிழை யாருக்கும் தெரியாது. ஆண்டுக் கடைசியில், எல்லாரும் பில் போட்டு அனுப்பும் அந்த ஓர் இரவில்தான் தெரியும்.

ஓர் ஓட்டத்துக்கு ஆறு நிமிடம்தான் அனுமதி. பல ஆண்டுக் குவியலை ஒரே இரவில் முடித்துவிட முயன்றால் பாதியில் நின்றுவிடும். ஒரு முறைக்கு நூறு இழை என்று எடுத்துக்கொண்டு, லேபிள் பெற்றவை அடுத்த தேடலில் வராமல் போவதை நம்பி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிடுங்கள். தினசரி ஓட்டத்துக்கு நேரம் குறிக்கும்போது இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் என்பது போல ஒரு மணி நேர இடைவெளியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதற்குள் எந்த நிமிடத்தில் என்பது கூகுளின் விருப்பம்.

முதல் முறை இயக்கும்போது, இந்தச் செயலியைக் கூகுள் சரிபார்க்கவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். நாமே எழுதியது என்பதால் மேற்கொண்டு போகலாம். வேறொருவர் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட் என்றால் அந்த எச்சரிக்கையை மதித்து நின்றுவிடுவது நல்லது. நீங்கள் கொடுக்கப்போவது முழு அஞ்சல் பெட்டியின் சாவி.

11 ஜூலை 2025

ஸ்கிரிப்ட் ஏதாவது ஓர் இரவு தடுக்கி விழுந்தால், விழுந்த செய்தியைக் கூகுள் மின்னஞ்சலாக அனுப்பும். இன்பாக்ஸைக் குறைக்க ஏற்பட்டவர் இன்பாக்ஸில் ஒன்றைக் கூட்டிவிட்டுப் போவதைக் கண்டு எங்கள் கணக்கர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

13 ஜூலை 2025

'வயதை வைத்துத் தள்ளினால் அப்படி என்ன ஆகிவிடும், தேடினால் கிடைக்கத்தானே போகிறது' என்று இன்னொருவர் கேட்கிறார். எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு முன்பு கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் இணையத்தில் கிடைத்த ஒரு ஸ்கிரிப்டை அப்படியே போட்டு வைத்திருந்தார். தொண்ணூறு நாளுக்கு முந்தையதைத் தேடு, கிடைத்ததைக் காப்பகத்துக்கு அனுப்பு என்ற இரண்டே கட்டளை. குண்டூரிலிருந்து எங்களுக்கு மிளகாய் வற்றல் அனுப்புகிற வியாபாரி, ஆண்டு முழுவதும் ஒரே இழையில்தான் பதில் எழுதுவார். பொருள் வரியில் இன்னமும் போன பொங்கலின் விலைப்பட்டியல் என்றே இருக்கும். ஒரு நாள் கடை சாத்திய பிறகு அவர் புதிய விலையை எழுதி, காலை பத்து மணிக்குள் சொன்னால் சரக்கை நிறுத்தி வைப்பதாகத் தெரிவித்திருந்தார். முதலாளி காலையில் கடை திறந்து இன்பாக்ஸைப் பார்த்தபோது அந்தக் கடிதம் அங்கே இல்லை. பதினொரு மணிக்கு வியாபாரி தொலைபேசியில் கூப்பிட்ட பிறகுதான் தேடிப் பார்த்தார்கள். சரக்கு அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது.

காரணம் எளிது. ஜிமெயில் தேடல் ஒவ்வொரு கடிதமாகப் பொருத்திப் பார்க்கிறது. ஆப்ஸ் ஸ்கிரிப்டோ இழையாக எடுத்துத் தருகிறது. இழையில் ஒரு கடிதம் தொண்ணூறு நாளைத் தாண்டியிருந்தால் போதும், நேற்றிரவு வந்த மறுமொழி உட்பட இழை முழுவதும் பட்டியலில் வந்துவிடும். காப்பகத்துக்கு அனுப்பும் கட்டளையும் இழை முழுவதையும் அனுப்பிவிடும். வயதை வைத்துத்தான் செய்வேன் என்கிறவர்கள் தேடலை மட்டும் நம்பாமல், ஒவ்வோர் இழையிலும் கடைசிக் கடிதத்தின் தேதியைத் தனியே கேட்டு அதையும் ஒப்பிட வேண்டும். ஒரே வரிதான் கூடுதல். இணையத்தில் உலவும் ஸ்கிரிப்டுகள் பலவற்றில் அந்த ஒரு வரி இல்லை.

இப்படிச் செய்கிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். காப்பகத்துக்கு அனுப்பும் முன் 'ஸ்கிரிப்ட் நகர்த்தியது' என்று ஒரு லேபிளை ஒட்டிவிட்டு அனுப்புங்கள். விரலால் செய்ததை 'இசட்' விசை திருப்பித் தரும். இரவில் ஸ்கிரிப்ட் செய்ததைத் திருப்ப அப்படி ஒரு விசை கிடையாது. லேபிள் இருந்தால் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இன்பாக்ஸுக்கே திருப்பிவிடலாம்.

14 ஜூலை 2025

தம்பியின் அலுவலகத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஏற்கெனவே தனி லேபிள் உண்டாம். அப்படியானால் 10ஆம் தேதி நான் எழுதிய தேடல் அவருக்குப் பொருந்தாது, ஏனெனில் பயனர் லேபிள் இல்லாதவை என்ற நிபந்தனையில் அவருடைய கடிதங்களில் பாதிக்கு மேல் விடுபட்டுவிடும். அவர் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, குறிப்பிட்ட நிதியாண்டின் தேதி வரம்புக்குள் இருந்து அந்த ஆண்டின் லேபிள் மட்டும் இல்லாதவை என்று தேட வேண்டும். வாடிக்கையாளர் லேபிளும் ஆண்டு லேபிளும் ஒரே கடிதத்தில் சேர்ந்து இருப்பதில் தடையில்லை. மார்ச்சில் தொடங்கி ஏப்ரலில் முடிந்த இழை ஒன்று இரண்டு ஆண்டு லேபிளையும் தாங்கி நிற்கக்கூடும். வரிக் கணக்கில் அது சரியும்கூட.

19 ஜூலை 2025

விருதுநகரிலிருந்து ஒரு சகோதரி, தங்கள் அலுவலகத்தில் அவுட்லுக்தான், அங்கே இதை எப்படிச் செய்வது என்று கேட்கிறார். பழைய டெஸ்க்டாப் அவுட்லுக் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். புதிய அவுட்லுக்கில் விபிஏ மேக்ரோ (அவுட்லுக்குக்குள்ளேயே எழுதும் சிறு நிரல்) ஓடாது, ஆகவே கீழே சொல்வதில் மேக்ரோப் பகுதி அதற்குப் பொருந்தாது.

பழையதில் கடிதத்தைத் தேர்ந்தெடுத்துப் பேக்ஸ்பேஸ் அழுத்தினாலே காப்பகக் கோப்புறைக்குப் போய்விடும். ஆனால் எல்லாம் ஒரே கோப்புறையில் குவியும். நிதியாண்டுவாரியாகப் பிரிக்க ஒரு மேக்ரோ எழுதி, அதைச் சாளரத்தின் மேல்பட்டையில் பொத்தானாக வைத்தால், ஆல்ட் விசையோடு எண்ணை அழுத்தி இயக்கலாம். இங்கேயும் தமிழ் குறுக்கே வருகிறது. ஆல்ட் விசையோடு எண்ணை அழுத்தி மொழியை மாற்றும் தமிழ் எழுதிகள் பல அலுவலகங்களில் இருக்கின்றன. ஆல்ட்டும் ஒன்றும் சேர்த்து அழுத்தினால் கடிதம் நகராது. கீபோர்டு தமிழுக்கு மாறும். அதை அறியாமல் மறுபடி மறுபடி அழுத்துவோம்.

ஆகவே எங்கள் கடையில் பில் போடும் கணினியில் வேலையை இரண்டாகப் பிரித்தேன். குவிக் ஸ்டெப்ஸ் என்ற வசதியில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடும் 1 முதல் 9 வரையிலான எண்களில் ஒன்றைச் சேர்த்துக் குறுக்குவிசையாக வைக்கலாம். எண் ஒன்றுக்கு, 'முடிந்தவை' என்ற ஒரே கோப்புறைக்கு நகர்த்தும் வேலையைக் கொடுத்தேன். கணக்கர் அந்த ஒன்று விசையின் மேல் தன் மகளின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை, மெரூன் நிறத்தில், ஒட்டி வைத்திருக்கிறார். எழுத்து தேய்ந்த கீபோர்டில் அது ஒன்றுதான் பளிச்சென்று தெரிகிறது. 'பொட்டை அழுத்திவிட்டீர்களா' என்பதுதான் இப்போது எங்கள் கடையில் கேட்கும் கேள்வி. அந்த 'முடிந்தவை' கோப்புறையிலிருந்து ஆண்டுவாரியாகப் பிரித்து வைக்கும் மேக்ரோவை வாரக் கடைசியில் நான் ஓட்டுவேன்.

மேக்ரோ எழுதுகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். கோப்புறையில் உள்ளவற்றை முதலிலிருந்து எண்ணிக்கொண்டே நகர்த்தினால், ஒன்று நகர்ந்ததும் அடுத்தது அதன் இடத்துக்கு ஏறிவிடுவதால், ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும். கடைசியிலிருந்து முதலை நோக்கி எண்ண வேண்டும். அடுத்து, கோப்புறையில் இருப்பவை எல்லாம் கடிதங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. முகவரி தவறித் திரும்பி வந்த அறிவிப்புகளுக்குப் பெறப்பட்ட நேரம் என்ற பண்பே கிடையாது. அதைக் கேட்டவுடன் மேக்ரோ நின்றுவிடும். வகையைச் சோதித்த பிறகே தேதியைக் கேளுங்கள்.

20 ஜூலை 2025

இன்று மாதாந்திர ஜிஎஸ்டி 3பி படிவத்தின் கடைசி நாள். ஆடிட்டர் அலுவலகத்துத் தம்பி இன்று எந்த ஸ்கிரிப்டையும் தொட வேண்டாம்.

27 ஜூலை 2025

வயதை வைத்து முடிவெடுக்கவே கூடாது என்ற தொனியில் 6ஆம் தேதி எழுதியிருந்தேன். அதைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று தோன்றுகிறது. ஓடிபி கடிதம், கூரியர் புறப்பட்டது என்ற செய்தி, வங்கியின் விளம்பரம் போன்றவற்றில் வேலை முடிந்தது என்பதை வயதே சொல்லிவிடுகிறது. மனிதர் தீர்மானிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. ஜிமெயிலின் ஃபில்டர் கடிதம் வந்து சேரும் கணத்தில் மட்டும் செயல்படும். ஒரு நாள் கழித்து அப்புறப்படுத்து என்று அதனிடம் சொல்ல வழியில்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஸ்கிரிப்ட் வேண்டும். ஃபில்டர் வந்தவுடன் 'ஓடிபி' என்ற லேபிளை ஒட்டட்டும். அந்த லேபிளோடு ஒரு நாளைத் தாண்டியவற்றை ஸ்கிரிப்ட் குப்பைக்கு அனுப்பட்டும். குப்பையில் முப்பது நாள் இருந்துவிட்டுத் தானே மறையும்.

நட்சத்திரமிட்ட கடிதங்களைத் தொடாதே என்று ஸ்கிரிப்டில் விலக்கு வைப்பது நல்ல பாதுகாப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கருத்து நல்லதுதான். எங்கள் முதலாளி தன் கைபேசியில் படித்த கடிதங்களுக்கெல்லாம், படித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக, நட்சத்திரம் போடுகிற வழக்கமுள்ளவர். அந்த விலக்கை வைத்தால் எங்கள் ஸ்கிரிப்டுக்கு வேலையே இருக்காது.

3 ஆகஸ்ட் 2025

தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஸ்கிரிப்டே தேவைப்படாமல் போகலாம். அதில் 'ஏ' விசை காப்பகத்துக்கு அனுப்பும். ஒரே கோப்புறை, ஆண்டுவாரி, மாதவாரி என்ற மூன்று முறைகளில் ஒன்றைக் கணக்கின் அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுவாரி என்பது ஜனவரியில் தொடங்கும் ஆண்டு. 2025 பிப்ரவரிக் கடிதம் 2025 என்ற கோப்புறைக்குள் போகும், நம் கணக்கிலோ அது 2024-25. ஆகவே மாதவாரியைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு கோப்புறைகளை எடுத்துக்கொண்டால் நிதியாண்டு கிடைத்துவிடும். எழுத வேண்டியது ஒரு வரியும் இல்லை என்பதால் இதைத்தான் நான் முதலில் பரிந்துரைத்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். கேள்வி ஜிமெயிலைப் பற்றியது.

சொந்த டொமைன் முகவரி வைத்துக்கொண்டு, பைத்தான் மொழியில், சர்வரிலுள்ள கடிதங்களைத் தொட உதவும் ஐமேப் நெறிமுறை வழியாகச் செய்ய விரும்புகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை தனி ரகம்.

கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்தால், பழைய ஐமேப் நெறிமுறையில் அந்தப் பெயர் யுடிஎஃப்-7 என்ற குறியாக்கத்தின் சற்றே மாற்றப்பட்ட ஒரு வடிவத்தில்தான் சர்வரில் இருக்கும். பட்டியலைக் கேட்டால் 'பழையவை' என்பதற்குப் பதிலாக, உம்மைக் குறியில் (&) தொடங்கிச் சிறுகோட்டில் முடியும் ஆங்கில எழுத்துக் கலவை ஒன்று வரும். பைத்தானின் ஐமேப்லிப் இந்த மாற்றத்தைத் தானாகச் செய்து தராது. குறியாக்க வேலைக்குத் துணியாதவர்கள் கோப்புறைப் பெயரை எண்ணில் வைத்துக்கொள்வது நல்லது. 2024-25 என்பதைவிடத் தெளிவான பெயரும் வேண்டியதில்லை.

ஜிமெயிலையே ஐமேப் வழியாகத் தொடுகிறவர்கள், 'ஆல் மெயில்' என்ற கோப்புறைப் பெயரை ஸ்கிரிப்டுக்குள் நிலையாக எழுதிவிடக் கூடாது. கணக்கின் மொழியை மாற்றினால் அந்தப் பெயரும் மாறிவிடும். ஒவ்வொரு கோப்புறைக்கும் அதன் பணியைச் சொல்லும் அடையாளக் கொடி ஒன்றைச் சர்வர் அனுப்புகிறது. 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6154 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அந்தக் கொடிகளை வரையறுக்கிறது. பெயரைத் தேடாமல் கொடியைத் தேடுங்கள். சாதாரணக் கடவுச்சொல்லும் வேலை செய்யாது. தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் அந்த வழியை 2022 மே 30இல் அடைக்கத் தொடங்கியது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் பெற வேண்டும்.

தேதித் தேடலில் 'பிஃபோர்', 'சென்ட்பிஃபோர்' என்று இரண்டு உண்டு. முதலாவது, சர்வருக்குக் கடிதம் வந்து சேர்ந்த தேதியைப் பார்க்கும். இரண்டாவது, கடிதத்தின் தலைப்பில் அனுப்பியவர் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட தேதியைப் பார்க்கும். நிறுவனம் மாறிப் பழைய கடிதங்களைப் புதிய சர்வருக்குக் கொண்டுவந்தவர்கள் சிலருக்கு எல்லாக் கடிதமும் மாற்றிய நாளில்தான் வந்ததாகச் சர்வர் கருதும். அவர்கள் 'சென்ட்பிஃபோர்' பயன்படுத்த வேண்டும். தேதியின் மாதப் பெயர் ஆங்கில மூன்றெழுத்தில்தான் இருக்க வேண்டும். லினக்ஸில் மொழி அமைப்பைத் தமிழில் வைத்திருப்பவர் ஷெல் ஸ்கிரிப்டில் தேதியை உருவாக்கினால் மாதம் தமிழில் வந்து, சர்வர் அதை ஏற்காது. அந்தக் கட்டளைக்கு மட்டும் எல்சி_ஆல் மதிப்பை 'சி' என்று வைத்துவிட்டால் தீர்ந்தது.

5 ஆகஸ்ட் 2025

மேக் கணினியின் மெயில் செயலியில் கன்ட்ரோல், கமாண்ட், ஏ மூன்றும் சேர்ந்தால் காப்பகம். அதற்கு மேல் எனக்கு மேக் பழக்கமில்லை.

10 ஆகஸ்ட் 2025

பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே மின்சாரத்தை நிறுத்தினால் ஸ்கிரிப்ட் என்ன ஆகும் என்று திருமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆப்ஸ் ஸ்கிரிப்டுக்கு நம் ஊர் மின்தடையால் பாதிப்பில்லை. அலுவலகக் கணினியில் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓடுவது என்றால், குறித்த நேரம் தவறிப்போனால் முடிந்தவரை விரைவில் ஓட்டு என்ற தேர்வை இயக்கி வையுங்கள். அது முதலில் அணைந்திருக்கும். லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான், தவறிய வேலையைத் திரும்பிப் பார்க்காது. அனக்ரான் பார்க்கும், சிஸ்டம்டி டைமரிலும் அதற்கு ஒரு தேர்வு இருக்கிறது.

16 ஆகஸ்ட் 2025

தம்பி மறுபடி வந்திருக்கிறார். இன்பாக்ஸ் ஏறக்குறையக் காலியாகிவிட்டதாம், ஆனால் இடம் நிரம்பப்போகிறது என்ற எச்சரிக்கை மட்டும் போகவில்லையாம். போகாது. காப்பகப்படுத்துவதால் ஒரு பைட்டுகூட மிச்சமாகாது. சாமான்களைப் பரணில் ஏற்றுவதால் வீட்டின் எடை குறைவதில்லை. இலவசக் கணக்குக்குக் கூகுள் தரும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் பொது. பத்து எம்பியைத் தாண்டிய இணைப்புகளைத் தேடி, பதிவிறக்கி வைத்துவிட்டு அழிப்பதுதான் வழி.

அழிக்கும் முன் ஒரு வார்த்தை, இது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, கணக்குகளையும் பதிவேடுகளையும் ஆண்டு அறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. 2024-25க்கான ஆண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31 என்பதால், அந்த ஆண்டின் பில் இணைப்புள்ள கடிதங்களை 2031 முடியும் வரை தொடக் கூடாது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குக் கம்பெனிகள் சட்டத்தின்படி எட்டு நிதியாண்டு. ஆண்டு லேபிள் இங்கேதான் கூலி கொடுக்கிறது: எந்த ஆண்டை எப்போது கழிக்கலாம் என்பது லேபிளைப் பார்த்தாலே தெரியும், கடிதம் கடிதமாகத் திறக்க வேண்டியதில்லை.

காப்பகத்தைப் பாதுகாப்பு நகல் என்றும் நினைத்துவிடக் கூடாது. இருப்பது ஒரே பிரதி. கணக்கு கைவிட்டுப் போனால் காப்பகமும் அதோடு போய்விடும். கூகுள் டேக்அவுட்டில் லேபிளைத் தேர்ந்தெடுத்து எம்பாக்ஸ் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நான் நிதியாண்டு முடிந்த பிறகு அந்த ஆண்டின் லேபிளை மட்டும் இறக்கி, வெளி ஹார்டு டிஸ்கில் வைத்துவிடுகிறேன்.

24 ஆகஸ்ட் 2025

இதுவரை யாரும் கேட்காதது ஒன்று. ஆப்ஸ் ஸ்கிரிப்டின் டிரிகர், அதாவது குறித்த நேரத்தில் அதை எழுப்பும் ஏற்பாடு, அமைத்தவரின் கணக்கில்தான் ஓடுகிறது. பொது முகவரிக்கான ஸ்கிரிப்டை அந்த முகவரியிலேயே நுழைந்து எழுதுங்கள். அலுவலகம் கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருந்து, ஊழியர் தன் சொந்த அலுவலகக் கணக்கிலிருந்து டிரிகரை அமைத்திருந்தால், அது பொது முகவரியின் பெட்டியைத் தொடாது, அவருடைய சொந்தப் பெட்டியைத்தான் தொடும்; அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கை நீக்கும் நாளில் அதுவும் நின்றுவிடும். நின்றதைச் சொல்லும் கடிதம் வந்தாலும் அவருடைய முகவரிக்குத்தான் வந்திருக்கும். பொதுப் பெட்டியில் ஆண்டு லேபிள் தென்படாத கடிதங்கள் கூடிக்கொண்டே போவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அறிவார்கள். தம்பி, உங்கள் அலுவலகத்தில் ஸ்கிரிப்ட் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். சொந்தக் கணக்கில் இருந்தால் நிரலை நகலெடுத்துப் பொதுக் கணக்கில் ஒட்டி, அனுமதியை மறுபடி கொடுத்து, பழைய டிரிகரை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.